லாரமியா, லோகனா, போஸ்மனா?

அமெரிக்காவில் முதுகலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ விண்ணப்பிக்கும் நம் மாணவர்களின் பட்டியலில் வயோமிங், யூட்டா, மொன்டானா ஆகிய மலை மாநிலங்களின் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கடைசி வரிகளில்தான் இடம்பெறுகின்றன. முதலில் எழுதிய பெரிய பெயர்களிடமிருந்து மறுப்போ, நிதியுதவி இல்லாத அனுமதியோ வந்து சேர, கடைசி வரியில் எழுதிய ஊரிலிருந்து கட்டண விலக்கும் மாதச் சம்பளமும் சேர்ந்த அசிஸ்டன்ட்ஷிப் கடிதம் வரும்போதுதான், அந்த ஊர் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்குகிறார்கள். இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட கடிதம் கையில் இருப்பவர்களுக்காக, வயோமிங் பல்கலைக்கழகம் உள்ள லாரமி, யூட்டா மாநிலப் பல்கலைக்கழகம் உள்ள லோகன், மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகம் உள்ள போஸ்மன் ஆகிய மூன்று ஊர்களையும் இங்கே ஒப்பிடுகிறேன். மூன்றும் 1886க்கும் 1893க்கும் இடையே தோன்றிய அரசுப் பல்கலைக்கழகங்கள். மூன்றின் பட்டத்துக்கும் வேலைச் சந்தையில் உள்ள மதிப்பில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. ஆகவே துறைக்கும் வழிகாட்டும் பேராசிரியருக்கும் அடுத்தபடியாக முடிவைத் தீர்மானிக்க வேண்டியது ஊர்தான் என்பது என் கருத்து. வாடகை, சாலை, குளிர்காலக் காற்று ஆகிய மூன்றும் படிப்பை எவ்வளவு பாதிக்கும் என்பதை அங்கே போய்ச் சேருவதற்கு முன் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கொலராடோவின் போல்டரையும் ஃபோர்ட் காலின்ஸையும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். 2020 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்தைத் தாண்டிய அந்த நகரங்கள் டென்வரின் நிழலில் வளர்ந்தவை. அங்கே பல்கலைக்கழகம் நகரத்தின் ஒரு பகுதி. இங்கே எடுத்துக்கொண்ட ஊர்களில் பல்கலைக்கழகம்தான் மிகப் பெரிய முதலாளி, மிகப் பெரிய நூலகம், மிகப் பெரிய அரங்கம் எல்லாம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருபவர் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வளாகத்துக்குள் மட்டுமே வேலை பார்க்கலாம் என்பதால், இந்த ஊர்களில் அவருடைய வருமானம் முழுவதும் ஒரே நிறுவனத்தின் வரவுசெலவுத் திட்டத்தை நம்பியிருக்கிறது.

லாரமியிலிருந்து தொடங்கலாம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,180 மீட்டர் உயரத்தில், கிழக்கே லாரமி மலைகளுக்கும் மேற்கே மெடிசின் போ மலைத்தொடருக்கும் நடுவிலுள்ள மரமற்ற மேட்டுச் சமவெளியில் அது கிடக்கிறது. ஏறக்குறைய உதகமண்டலத்தின் உயரம்தான். ஆனால் உதகையின் ஈரமும் பசுமையும் அங்கே இல்லை. ஆண்டு முழுவதும் விழும் மழையையும் உருகிய பனியையும் சேர்த்தாலும் முப்பது சென்டிமீட்டரை எட்டுவது அரிது. காற்று மட்டும் ஓய்வதில்லை. 1868இல் யூனியன் பசிபிக் ரயில்பாதை வந்ததால் பிறந்த இந்த ஊரின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பின்படி 31,407. வயோமிங் மாநிலமாவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாகவே, 1886இல், பல்கலைக்கழகம் நிறுவப்பட்டுவிட்டது. மாநிலத்தில் நான்காண்டுப் பட்டம் தரும் ஒரே அரசுப் பல்கலைக்கழகம் இன்றும் அதுதான்.

மாநிலத்துக்கு ஒரே பல்கலைக்கழகம் என்பதில் ஆதாயமும் ஆபத்தும் சேர்ந்தே இருக்கின்றன. வேறெங்கும் பங்கு போகாத கவனமும் பணமும் லாரமிக்கு வருகின்றன. பக்கத்துச் செயேன் நகரில் 2012இல் திறக்கப்பட்ட வளிமண்டல ஆய்வுக்கான மீக்கணினி மையத்தின் இயந்திர நேரத்தில் வயோமிங் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கென்று தனிப் பங்கு உண்டு. மேகங்களுக்குள் பறந்து அளவெடுக்கும் கிங் ஏர் ஆய்வு விமானத்தைப் பல்கலைக்கழகமே இயக்குகிறது. வளிமண்டல அறிவியலிலோ புவியியலிலோ ஈடுபாடு உள்ளவருக்கு இந்த அளவு கருவி வசதி இதைவிடப் பெரிய பெயருள்ள பல இடங்களிலும் கிடைக்காது. ஆனால் மாநிலத்தின் கருவூலம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றின் மீது நிற்கிறது. அமெரிக்க நிலக்கரியில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு வயோமிங்கிலிருந்து தோண்டப்படுகிறது. நிலக்கரி விலையும் தேவையும் விழுந்த 2016இல் பல்கலைக்கழகத்தின் நிதி வெட்டப்பட்டது. ஆகவே லாரமியிலிருந்து கடிதம் வந்தால், சம்பளம் மாநில நிதியிலிருந்து வருகிறதா, பேராசிரியரின் கூட்டாட்சி ஆய்வு மானியத்திலிருந்து வருகிறதா, எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி என்பதை எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது மற்ற இரு ஊர்களைவிட இங்கே முக்கியம்.

லாரமியைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. வயோமிங் 1869 டிசம்பரில் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. 1870 செப்டம்பர் 6 அன்று அந்தச் சட்டத்தின்படி முதல் வாக்கைச் செலுத்திய லூயிசா ஸ்வெய்ன் என்ற முதிய பெண்மணி லாரமிக்காரர். அதே ஊரின் எல்லையில்தான் 1998இல் மேத்யூ ஷெப்பர்ட் என்ற மாணவர் தற்பாலீர்ப்பாளர் என்பதற்காகத் தாக்கப்பட்டு வேலியில் கட்டப்பட்டார்; சில நாட்களில் மருத்துவமனையில் உயிரிழந்தார். 2009இல் நிறைவேறிய கூட்டாட்சி வெறுப்புக் குற்றச் சட்டத்தில் அவர் பெயரும் சேர்ந்தது. ஊர் இந்த இரண்டையும் மறைப்பதில்லை. அன்றாட வாழ்வில் வெளிநாட்டு மாணவர் சந்திப்பது வெளிப்படையான, அதிகம் பேசாத, கார் பனியில் சிக்கினால் கேட்காமலேயே கயிறு கட்டி இழுத்துவிடும் மனிதர்களைத்தான்.

லாரமியின் உண்மையான பிரச்சினை சாலை. இன்டர்ஸ்டேட் 80 என்ற பெருவழி ஊரை ஒட்டியே போகிறது. கிழக்கே செயேனுக்குப் போகும் வழியில் அது 2,630 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது, அந்தப் பெருவழி முழுவதிலும் அதுவே உச்சி. மேற்கே ராலின்ஸை நோக்கிப் போகும் பகுதி இன்னும் மோசம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில்பாதை போட்டவர்கள் எல்க் மலையை விட்டு விலகி வடக்கே சுற்றிக்கொண்டு போனார்கள். பழைய நெடுஞ்சாலையும் அதே வழியில்தான் போனது. உள்ளூர்க்காரர்கள் எச்சரித்தும் கேட்காமல், தூரம் குறையும் என்று மலையடிவாரத்தை ஒட்டிப் போட்ட பெருவழி 1970இல் திறக்கப்பட்டது; அது முதல் ஒவ்வொரு குளிர்காலமும் காற்றடித்துக் குவியும் பனியால் மூடப்பட்டு வருகிறது. சாலை ஓரங்களில் வரிசையாக நிற்கும் உயரமான மரப் பனிவேலிகள் அந்தத் தவறுக்குக் கட்டும் வட்டி. மூடும் நாளில் ஊர் எல்லையில் ரயில்வே கேட்டைப் போன்ற தடுப்பு இறங்கி விளக்குகள் மின்ன, நூற்றுக்கணக்கான லாரிகள் ஊருக்குள் திரும்பித் தெருவோரங்களிலும் கடை வளாகங்களிலும் நிற்கும். விடுதிகளில் இடம் இருக்காது. மாணவர்கள் மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலைக் கேமராப் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, விமானத்தைப் பிடிக்க முடியுமா என்று கணக்குப் போடுவார்கள்.

டென்வர் சுமார் 210 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது, மலிவான விமானமும் இந்திய மளிகையும் கோயிலும் எல்லாம் அந்தப் பக்கம்தான். அதற்குத் தெற்கே போகும் யு.எஸ். 287 சாலையைப் பிடிக்க வேண்டும். பெரும்பகுதி இருவழிச் சாலை, காற்று அதிகம், இரவில் மான் கூட்டம் குறுக்கே வரும். 2001 செப்டம்பரில் பல்கலைக்கழக ஓட்ட அணியைச் சேர்ந்த 8 மாணவர்கள், குடித்துவிட்டு ஓட்டியவரின் வண்டி மோதி உயிரிழந்தது இந்தச் சாலையில்தான். கார் ஓட்டத் தெரியாமல், அல்லது பனியில் ஓட்டிப் பழகாமல் லாரமிக்குப் போகிறவர் முதல் குளிர்காலத்தில் டென்வர் பயணத்தைத் தவிர்ப்பதே நல்லது.

சமையலறைக்கும் இந்த உயரம் வந்துவிடுகிறது. லாரமியில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு நெடுநேரம் வெந்தும் குழையாது; சோறு நடுவில் அரிசியாகவே நிற்கும். பிரஷர் குக்கர் இருந்தால் கவலையில்லை, வழக்கத்தைவிட ஓரிரு விசில் கூட விட வேண்டும், அவ்வளவுதான். லோகனிலும் போஸ்மனிலும் கொதிநிலை 95 டிகிரிக்குப் பக்கத்தில் இருப்பதால் வேறுபாடு குறைவு. மூன்று ஊர்களிலும் ஜனவரியில் இட்லி மாவு தானாகப் புளிக்காது. ஓவன் அடுப்புக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு மாவைப் பூட்டி வைப்பதே அங்குள்ளவர்கள் கைக்கொள்ளும் வழி.

லோகன் முற்றிலும் வேறு வகை ஊர். யூட்டாவின் வடகோடியில் கேஷ் பள்ளத்தாக்கில், 1,380 மீட்டர் உயரத்தில், கிழக்கே பேர் ரிவர் மலைகளும் மேற்கே வெல்ஸ்வில் மலைகளும் சுவர்போல எழும்பி நிற்க, நடுவே பால்பண்ணைகளும் பாலாடைக்கட்டி ஆலைகளும் கோதுமை வயல்களும் சூழ்ந்திருக்கிறது. 2020இல் மக்கள்தொகை 52,778. பல்கலைக்கழகம் 1888இல் தொடங்கியது. ஊரின் மேல் 1884இல் கட்டி முடித்த, மார்மன் என்ற கிறித்தவத் திருச்சபையின் கோயிலின் இரட்டைக் கோபுரம் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். மக்களில் பெரும்பாலோர் அந்தத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பல கடைகள் மூடிக் கிடக்கும். மதுக்கடைகளைத் தேடித்தான் போக வேண்டும். குடிக்காதவராகவும் குடும்பத்தோடு போகிறவராகவும் இருந்தால் இது சுமையாகத் தெரியாது. இளைஞர்களில் பலர் திருச்சபைக்காக வெளிநாட்டில் ஊழியம் செய்து வேற்று மொழி பேசக் கற்றவர்கள் என்பதால், அயல்நாட்டு உச்சரிப்பைப் பொறுமையாகக் கேட்கும் பழக்கம் இந்த அளவுள்ள மற்ற ஊர்களைவிட இங்கே கூடுதல். வாசலில் வந்து அன்போடு அழைக்கும் திருச்சபை இளைஞர்களிடம் ஒருமுறை பணிவாக மறுத்துவிட்டால் போதும், மனக்கசப்பு ஏதும் வராது.

மாணவர் கையில் பணம் மிஞ்சுவது லோகனில்தான். நகரப் பேருந்து 1992இல் தொடங்கிய நாள் முதலே கட்டணமில்லாமல் ஓடுகிறது. அது பக்கத்துச் சிற்றூர்களையும் இணைப்பதால் முதல் ஆண்டில் கார் வாங்காமல் சமாளிக்கலாம். மாணவர் குடியிருப்புகள் ஏராளம், வீட்டுக்கல்லாமல் படுக்கைக்கு இவ்வளவு என்று பருவக் கணக்கில் ஒப்பந்தம் போடுகிறார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு: நடுவில் வெளியேற விரும்பினால் அந்த ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ள வேறொரு மாணவரைத் தானே தேடிப் பிடித்து ‘விற்க’ வேண்டும், இல்லாவிட்டால் பருவம் முடியும்வரை வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். வந்து இறங்கும் முன்பே இணையத்தில் ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதைவிட, முதல் பருவத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்வது அறிவுடைமை. சால்ட் லேக் சிட்டி சுமார் 130 கிலோமீட்டர். அங்குள்ள பெரிய விமான நிலையத்துக்கு ஷட்டில் வண்டிகள் ஓடுகின்றன, அதன் தெற்குப் புறநகரான சவுத் ஜோர்டனில் கணேசர் கோயிலும் இருக்கிறது. லோகனிலேயே பெட்ரோல் நிலையத்தோடு ஒட்டிய ஒரு கடைக்குள் இந்திய உணவகம் நடக்கிறது. வெளித் தோற்றத்தைப் பார்த்து யாரும் உள்ளே நுழையத் துணிய மாட்டார்கள், நுழைந்தவர்கள் மறுபடியும் போகிறார்கள்.

ஆனால் லோகனின் குறை லேசானதன்று. மலைகள் சுற்றி அடைத்திருப்பதால் டிசம்பர், ஜனவரி மாதங்களில் காற்றழுத்தம் கூடி நிற்கும் நாட்களில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கின் அடியில் தேங்க, அதன்மேல் வெப்பமான காற்று மூடிபோல உட்கார்ந்துவிடுகிறது. வண்டிகளின் புகையிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் மாட்டுப் பண்ணைகளிலிருந்து எழும் அம்மோனியாவும் அந்த மூடிக்குள் சேர்ந்து அம்மோனியம் நைட்ரேட் துகள்களாக மாறும். 2004 ஜனவரியில் இந்தச் சிற்றூரின் காற்று நாட்டிலேயே மிக மோசமானவற்றுள் ஒன்றாக அளவிடப்பட்டது. 2009இல் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் அமைப்பு நுண்துகள் தரத்தை எட்டாத பகுதியாக இதை அறிவித்தது. பின்னர் நிலைமை தேறியிருக்கிறது, ஆயினும் சாம்பல் நிற வாரங்கள் இன்னும் வருகின்றன. அந்த நாட்களில் லோகன் கேனியன் வழியாக மலை ஏறினால், மேலே நீல வானமும் வெயிலும் இருக்கும், கீழே பள்ளத்தாக்கு முழுவதும் அழுக்குப் பஞ்சால் அடைத்ததுபோல் தெரியும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், மூச்சுத் தொல்லை உள்ள சிறு குழந்தையோடு போகிறவர்களுக்கும் இந்த ஒரு காரணமே லோகனைத் தள்ளிவைக்கப் போதும்.

படிப்பைப் பொறுத்தவரை, சிவில் பொறியியலில் நீரியல் படிக்க விரும்புகிறவருக்கு லோகனுக்கு நிகரான இடத்தைச் சொல்வது கடினம். லோகன் ஆற்றின் கரையில் இருக்கும் நீர் ஆய்வுக்கூடம் ஆற்று நீரையே உள்ளே திருப்பி அணைகளின் மாதிரிகளில் பாயவிட்டு அளக்கிறது. 2017இல் கலிபோர்னியாவின் ஓரோவில் அணையின் உபரிநீர்ப் போக்கி உடைந்தபோது, அதன் 50இல் ஒரு பங்கு அளவிலான மாதிரியைக் கட்டிச் சோதித்தது இந்த ஆய்வுக்கூடம். விண்வெளித் துறையை நினைத்து லோகனுக்கு வருபவர்களுக்கோ ஓர் எச்சரிக்கை தேவை. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்பேஸ் டைனமிக்ஸ் ஆய்வகம் புகழ்பெற்றது. சிறு செயற்கைக்கோள்களுக்கான ஆண்டு மாநாடு 1987 முதல் பல பத்தாண்டுகள் லோகனில்தான் கூடியது. ஆனால் பாதுகாப்புத் துறைப் பணிகள் நிறைந்த அந்த ஆய்வகத்தின் வேலைகளுக்குப் பெரும்பாலும் அமெரிக்கக் குடியுரிமை கேட்கிறார்கள். இதை அறியாமல் அந்தப் பெயரை நம்பி வருபவர்கள், எட்டிப் பார்க்கும் தூரத்தில் உள்ள கட்டடத்துக்குள் போக முடியாமல் துறை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

அழகில் போட்டி வைத்தால் போஸ்மன் மற்ற இரண்டையும் எளிதாகத் தோற்கடித்துவிடும். வடக்கே பிரிட்ஜர் மலைகள், தெற்கே காலட்டின் மலைகள், சுமார் 130 கிலோமீட்டரில் யெல்லோஸ்டோன் பூங்காவின் வடவாயில். வெந்நீர் ஊற்றுகளில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிய ஆய்வும், பனிச்சரிவு பற்றிய பனி அறிவியலும், பரப்புகளில் படலமாக வளரும் நுண்ணுயிர்களை ஆராயும் பயோஃபிலிம் மையமும் இந்த ஊரின் இருப்பிடத்தோடும் வரலாற்றோடும் பின்னியவை. லேசர், ஒளியியல் நிறுவனங்கள் பல இங்கே வேர்விட்டிருக்கின்றன. இங்கே தோன்றிய ரைட்நவ் டெக்னாலஜிஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தை 2011இல் ஏறக்குறைய 150 கோடி டாலருக்கு வாங்குவதாக ஆரக்கிள் அறிவித்த பிறகு தொழில்நுட்ப வேலைகளும் ஊரில் நிலைபெற்றன. படிப்பு முடிந்ததும் மாணவர் விசாவிலேயே வேலை பார்க்க அனுமதிக்கும் ஓ.பி.டி. காலத்து வேலையைப் படித்த ஊரிலேயே தேட முடியும் என்ற வாய்ப்பு மூன்றில் இங்கே கூடுதல்.

விலையும் அதற்கேற்றபடியே இருக்கிறது. 2010இல் 37,280 ஆக இருந்த மக்கள்தொகை 2020இல் 53,293 ஆயிற்று. அதன் பிறகு பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்யும் வசதி படைத்தவர்கள் கலிபோர்னியாவிலிருந்தும் சியாட்டிலிலிருந்தும் வந்து குவிந்தார்கள். தனி வீட்டின் இடைநிலை விலை ஏழு லட்சம் டாலரைத் தாண்டியது. வாடகை கொடுக்க முடியாமல் ஊரின் ஓரத்துத் தெருக்களில் வேன்களிலும் டிரெய்லர்களிலும் குடியிருப்பவர்கள் பெருகியதால், அவர்கள் எத்தனை நாள் ஓரிடத்தில் நிறுத்தலாம் என்று 2023இல் நகரமன்றம் விதி வகுக்க வேண்டியதாயிற்று. முழுநேர வேலையில் இருப்பவர்களே திணறும் இந்தச் சந்தையில் ஒன்பது மாதச் சம்பளம் வாங்கும் ஆராய்ச்சி மாணவர் என்ன செய்வார்? வளாகத்துக்குள் உள்ள பட்டதாரி மாணவர் குடியிருப்பில் இடம் கிடைத்தால் தப்பிப்பார். கிடைக்காவிட்டால் பக்கத்துச் சிற்றூரான பெல்கிரேடில் தங்கிக் கார் வாங்க வேண்டும். 2006 முதல் போஸ்மனிலும் பேருந்து இலவசம்தான், ஆனால் லோகனின் அளவுக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

தனிமையின் வகையும் வேறு. போஸ்மனிலிருந்து சாலை வழியாகப் பக்கத்துப் பெரிய ஊர் பில்லிங்ஸ், சுமார் 230 கிலோமீட்டர். அங்கும் நம் தேவைக்கு அதிகம் இல்லை. ஆனால் மொன்டானாவிலேயே அதிகப் பயணிகள் வரும் விமான நிலையம் ஊரை ஒட்டி இருக்கிறது. பனிச்சறுக்குக்கும் பூங்காவுக்கும் வரும் செல்வந்தர்களை நம்பி பல பெருநகரங்களுக்கு நேரடி விமானம் உண்டு, அவர்கள் கொடுக்கும் விலையில். லாரமிக்காரர் பணமிருந்தும் சாலை மூடியதால் வெளியேற முடியாமல் இருப்பார். போஸ்மன்காரருக்கு விமானம் கண்முன்னே பறந்தும் பயணச்சீட்டின் விலை தடுக்கும்.

வரிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வயோமிங்கில் மாநில வருமான வரி இல்லை, மளிகைக்கு விற்பனை வரியும் இல்லை. மொன்டானாவில் மாநில விற்பனை வரி இல்லை, வருமான வரி உண்டு. யூட்டாவில் இரண்டும் உண்டு. மாணவர் சம்பளத்தின் அளவுக்கு இந்த வேறுபாடு மாதம் சில பத்து டாலர்களைத் தாண்டாது, வாடகையின் முன் அது ஒன்றுமில்லை.

ஆக, என் தீர்ப்பு இது. சொந்தக் கடனில், அசிஸ்டன்ட்ஷிப் இல்லாமல் முதுகலை படிக்கப் போகிறவர் மூச்சுத் தொல்லை இல்லாதவரானால் லோகனையே எடுக்க வேண்டும். அங்கே மிச்சமாகும் பணமும் சால்ட் லேக் சிட்டியின் அண்மையும் வேறெதையும்விடப் பெரிய துணை. மானியத்தின் காலம் எழுத்தில் உறுதியான முனைவர் பட்ட மாணவர், அதுவும் வளிமண்டலம், புவியியல், கணிப்பியல் போன்ற துறையினர், லாரமிக்குத் தயங்காமல் போகலாம். காற்றையும் சாலையையும் பழகிக்கொள்ள ஐந்தாண்டு தாராளம். போஸ்மனைத் தேர்வதற்கு ஒரே நல்ல காரணம் அங்கு மட்டுமே நடக்கும் ஆய்வு. மலையின் அழகுக்காகப் போகிறவர் அதை வார இறுதியில் பார்க்கவும் வேலை தேட வேண்டியிருக்கும்.

நிதியுதவியோடு கூடிய அழைப்புக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவது என்பது அமெரிக்கப் பட்டமேற்படிப்புத் துறைகள் பெரும்பாலும் ஒப்புக்கொண்ட வழக்கம். அதற்கு முன் துறையின் பட்டமேற்படிப்பு ஒருங்கிணைப்பாளருக்கு எழுதிக் கேட்க வேண்டியவை இரண்டு: மே முதல் ஆகஸ்ட் வரையிலான கோடைக்குச் சம்பளம் உண்டா, வளாகக் குடியிருப்புக்கான காத்திருப்போர் பட்டியலில் இன்றே பெயர் பதிய முடியுமா. இரண்டாவது கேள்விக்குப் போஸ்மனிலிருந்து ‘முடியாது’ என்று பதில் வந்தால், சம்பளத் தொகையை மறுபடியும் ஒருமுறை வாடகையோடு வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடலாம்.